தப்பான யூகத்துக்கும் கூலி உண்டு

போன மே மாத லீவில் ஒரு மத்தியானம். புனேயில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பிளாஸ்டிக் பலகைக்கு முன்னால் என் மகள் பத்து நிமிஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சிவப்புக் குச்சி. எந்த ஓட்டையில் செருகுவது என்று யோசனை. செருகுவதாகத் தெரியவில்லை.

"வையேன்டி" என்றேன்.

"தப்பாப் போச்சுன்னா?"

ஐந்தாம் வகுப்பு போகப் போகிறவள். பள்ளிக்கூடத்தில் தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு சுழி, அரை மார்க் போச்சு. வீட்டிலும் நாங்கள் ஒன்றும் மகாத்மாக்கள் இல்லை. "இதுகூடத் தெரியலையா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "இதுல தப்பாத்தான் போகும், அதுக்குத்தான் இந்த விளையாட்டே" என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் நான் சொன்னது சமாதானம் இல்லை, கணக்கு. அந்தக் கணக்கின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விளையாட்டின் பெயர் மாஸ்டர்மைண்ட். முதலில் ஆட்ட விதி. (தெரிந்தவர்கள் மூன்று பத்தி தாண்டிப் போய்விடலாம்.)

இரண்டு பேர் ஆட வேண்டும். ஒருவர் ஒளிப்பவர், இன்னொருவர் கண்டுபிடிப்பவர். பலகையின் ஒரு ஓரத்தில், மூடி போட்ட நாலு ஓட்டை. ஒளிப்பவர் ஆறு நிறக் குச்சிகளிலிருந்து நாலை எடுத்து, தனக்குப் பிடித்த வரிசையில் அங்கே செருகி மூடியால் மறைத்துவிடுவார். ஒரே நிறம் திரும்ப வரலாம். கண்டுபிடிப்பவர் தன் பக்கத்து முதல் வரிசையில் நாலு குச்சி வைத்து "இதுவா?" என்று கேட்பார். ஒளிப்பவர் பொடிக் குச்சிகளால் பதில் சொல்ல வேண்டும். நிறமும் சரி, இடமும் சரி என்றால் ஒரு கறுப்பு. நிறம் சரி, இடம் தப்பு என்றால் ஒரு வெள்ளை. எதுவும் சரியில்லை என்றால் ஒன்றும் கிடையாது. எந்தக் குச்சிக்கு எந்தப் பதில் என்று காட்டக் கூடாது, மொத்த எண்ணிக்கை மட்டும்தான். இப்படி வரிசை வரிசையாகப் போய், பலகை தீர்வதற்குள் நாலு கறுப்பு வாங்க வேண்டும். எங்கள் பலகையில் பத்து வரிசை. எத்தனை வரிசை ஆனதோ அத்தனை புள்ளி ஒளித்தவருக்கு. பிறகு இடம் மாறி ஆட வேண்டும்.

நிறம் திரும்ப வரும்போதுதான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒளித்தது சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். கேட்டது சிவப்பு, சிவப்பு, சிவப்பு, நீலம். என்ன பதில்? முதல் சிவப்புக்கு ஒரு கறுப்பு. நீலம் உண்டு, இடம் வேறு, அதனால் ஒரு வெள்ளை. மிச்ச இரண்டு சிவப்புக்கு ஒன்றும் கிடையாது. மூடிக்குள் இருக்கும் ஒரு குச்சிக்கு ஒரே ஒரு பதில்தான். இந்த உதாரணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொன்று, குழந்தைகளிடம் கேட்டுப் பார்க்க நல்ல கேள்வி. மூன்று கறுப்பு, ஒரு வெள்ளை என்ற பதில் இந்த ஆட்டத்தில் வரவே வராது. ஏன்? (மூன்று பேர் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நாலாமவர் மாறி உட்கார வேறு நாற்காலி ஏது?) அதைக் கழித்தால் வரக்கூடிய பதில்கள் மொத்தம் 14.

இப்போது கணக்கு. ஆறு நிறம், நாலு ஓட்டை. 6 x 6 x 6 x 6 = 1296 விதமாக ஒளிக்கலாம். முதல் யூகமே சரியாக இருக்க 1296ல் ஒரு வாய்ப்பு. அதாவது முதல் வரிசை தப்பாகத்தான் போகும். ஆனால் தப்பு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். முதல் வரிசையில் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் வைக்கிறீர்கள். எதிராளி உதட்டைப் பிதுக்கி "ஒண்ணுமே இல்லை" என்கிறார். முகம் வாடிவிடும். ஆனால் சிவப்பும் நீலமும் கிடையாது என்று தெரிந்துவிட்டதல்லவா? மிச்சம் நாலு நிறம், 256 வழி. ஒரே ஒரு "முழுத் தப்பு" 1040 வழிகளை அடைத்துவிட்டது. நாலு வெவ்வேறு நிறம் வைத்து ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தால் இன்னும் விசேஷம். மிச்சம் இரண்டே நிறம், 16 வழி.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இது நம்ம கிச்சு கிச்சு தாம்பாளம்தானே?" என்றாள். பத்தாவது மாடியில் மணலுக்கு எங்கே போவது? தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை உள்ளே ஒளித்து, பேத்தியைக் கைகோத்துப் பொத்தச் சொன்னாள். இரண்டும் அக்காள் தங்கை மாதிரிதான். ஒருவர் ஒளிக்கிறார், ஒருவர் தேடுகிறார். ஆனால் ஒரு வித்தியாசம். தாம்பாளத்தில் தப்பான இடத்தில் பொத்தினால் ஆட்டம் போச்சு, அவ்வளவுதான். அந்தத் தப்பு அடுத்த முறைக்கு எதையும் கற்றுத் தராது. மாஸ்டர்மைண்டில் தப்பான யூகத்துக்கும் கூலி உண்டு. அதனால்தான் இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டாக இல்லாமல் போனது.

இந்தக் கூலி கொடுக்கும் யோசனை பலகையைவிடப் பழசு. இங்கிலாந்தில் 'காளையும் பசுவும்' என்று பென்சில், பேப்பர் வைத்து ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. நிறங்களுக்குப் பதில் நாலு இலக்க எண், எந்த இலக்கமும் திரும்ப வரக்கூடாது. இலக்கமும் இடமும் சரி என்றால் காளை, இலக்கம் மட்டும் சரி என்றால் பசு. ஒளித்தது 4271, கேட்டது 1234 என்றால் பதில் ஒரு காளை, இரண்டு பசு.

1968ல் இது கம்ப்யூட்டருக்குள் போனது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டைட்டன் என்று ஒரு கணினி இருந்தது. ஒரே சமயத்தில் பலர் ஆளுக்கொரு முனையத்தில் உட்கார்ந்து அதைப் பயன்படுத்தலாம். அதில் ஃபிராங்க் கிங் என்பவர் இந்த ஆட்டத்தை நிரலாக எழுதி 'மூ' என்று பெயர் வைத்தார். நம் ஊர் மாடு 'அம்மா' என்று கத்தும், அவர்கள் ஊர் மாடு 'மூ' என்று கத்தும், அதுதான் பெயர்க் காரணம். அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி எம்.ஐ.டி.யின் மல்டிக்ஸ் கணினிக்குப் போனது. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே 'மூ' இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான யூக விளையாட்டு என்று அதற்கு விளக்கமும் உண்டு. இன்று நம் கையில் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒருவகையில் பாட்டியான இயங்குதளம் பிறக்கும்போதே இந்த மாட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது :-)

எண்களை நிறக் குச்சிகளாக மாற்றியவர் மொர்டெகாய் மெய்ரோவிட்ஸ். இஸ்ரேல்காரர், தபால் மற்றும் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர். 1970ல் இந்தப் பலகையை வடிவமைத்து, பெரிய பொம்மை கம்பெனிகளின் படியேறினார். எல்லோரும் கை விரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 1971 பிப்ரவரியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் நடந்த சர்வதேச பொம்மைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் என்ற சின்ன ஆங்கிலேய கம்பெனி உரிமையை வாங்கிக்கொண்டது. லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ஓட்பி என்ற ஊரில் பிளாஸ்டிக் சாமான் வார்த்துக்கொண்டிருந்த கம்பெனி. அதை நிறுவிய எட்வர்ட் ஜோன்ஸ்-ஃபென்லி ஆட்டத்தைக் கொஞ்சம் செப்பனிட, 1971-72 வாக்கில் மாஸ்டர்மைண்ட் கடைக்கு வந்தது. பிறகு நடந்தது பெரிய கம்பெனிகள் கையைப் பிசைந்துகொள்ளும்படியான கதை. 80 நாடுகளில் 5 கோடிக்கு மேல் பெட்டிகள் விற்றன. எழுபதுகளில் புதிதாக வந்த விளையாட்டுகளில் இதுதான் முதலிடம் என்று சொல்வார்கள்.

ஒரு தமிழ்நாட்டுச் சம்பந்தமும் உண்டு. இந்தியாவில் இந்தப் பெட்டியை விற்றது ஃபன்ஸ்கூல். சென்னையின் எம்.ஆர்.எஃப். கம்பெனியும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987ல் ஆரம்பித்தது.

பழைய பெட்டியின் அட்டைப்படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். கோட்டு போட்ட, தாடி வைத்த ஒருவர் கைவிரல்களைக் கோபுரம் மாதிரி குவித்து, உலகத்து ரகசியமெல்லாம் தனக்குத் தெரியும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். பின்னால் வெள்ளை உடையில் ஒரு கீழை நாட்டுப் பெண் நிற்பார். பெரிய உளவுத்துறைத் தலைவரும் உதவியாளரும் என்று தோன்றும். உண்மையில் அவர் லெஸ்டரில் முடிதிருத்தும் கடைகள் நடத்தியவர். அந்தப் பெண் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி. என்ன பாடம் தெரியுமா? கம்ப்யூட்டர் சயன்ஸ். படத்தில் இருந்த இரண்டு பேரில் ரகசியக் குறியை உடைக்கும் வேலைக்குப் படித்தவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்தான்! 2003ல் இருவரையும் மறுபடி கூப்பிட்டு அதே மாதிரி நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

கணக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1977ல் டொனால்ட் க்னூத் இதைக் கையில் எடுத்தார். கம்ப்யூட்டர் படித்த யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எப்படி ஒளித்தாலும் ஐந்தாவது யூகத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று நிரூபித்தார். முதல் யூகம் எப்போதும் 1122, அதாவது ஒரு நிறத்தில் இரண்டு, இன்னொரு நிறத்தில் இரண்டு. என்ன பதில் வந்தாலும் மிச்சம் இருப்பது 256க்கு மேல் போகாது. நாலும் வேறு நிறமாக வைத்தால் பதில் நன்றாக அமைந்தால் 16தான் மிச்சம். ஆனால் மோசமாக அமைந்தால் 312. க்னூத் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. எது நடந்தாலும் நஷ்டம் குறைவாக இருக்கும் வழி எது என்று பார்த்தார்.

அவர் முறையில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சில இடங்களில் அவர், விடையாக இருக்கவே முடியாது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வரிசையை வேண்டுமென்றே கேட்பார். தப்பு என்று தெரிந்தே கேட்கும் கேள்வி! அந்தத் தப்பு, சரியாக இருக்கக்கூடிய வரிசையைவிட அதிகம் சொல்லிக் கொடுக்கும் என்பதால். 1993ல் கோயாமா, லாய் என்ற இருவர் சராசரியைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். சராசரியாக 4.34 யூகம். ஆனால் அந்த வழியில் எப்போதாவது ஆறு வரை போகவேண்டி வரும்.

இதுவரை எல்லாம் நல்ல சேதி. இனி வருவது என் பிழைப்போடு சம்பந்தப்பட்டது. நான் சோறு சாப்பிடுவது வங்கி மென்பொருளில்.

ஏ.டி.எம். அட்டையின் நாலு இலக்க ரகசிய எண்ணை வங்கியின் கம்ப்யூட்டர்கூட நேரடியாகப் பார்க்கக் கூடாது. அதற்கென்று உடைக்க முடியாத ஒரு பெட்டி இருக்கும். "இந்தக் கணக்குக்கு இந்த எண் சரியா?" என்று கேட்டால் பெட்டி "சரி" அல்லது "தப்பு" என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் ஊழியரே திருட நினைத்தாலும் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். சராசரியாக 5000 முறை.

2003ல் மைக் பாண்ட், பியோட்ர் ஜீலின்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டார்கள். எங்கே இருந்து? அதே கேம்பிரிட்ஜ், 'மூ' பிறந்த ஊர். பெட்டி கணக்கு எண்ணைப் பூட்டுச் சாவியால் குழப்பி, வரும் எழுத்துகளை ஒரு அட்டவணைப்படி இலக்கங்களாக மாற்றும். அந்த அட்டவணையைப் பல பெட்டிகளில் கேட்பவரே கேள்வியோடு சேர்த்து அனுப்பலாம். '7 வரவேண்டிய இடத்தில் மட்டும் 1, மற்றதெல்லாம் 0' என்று அட்டவணையை மாற்றி அனுப்பிவிட்டு, "0000 சரியா?" என்று கேட்டால்? பெட்டி "சரி" என்றால் ரகசிய எண்ணில் 7 கிடையாது. "தப்பு" என்றால் 7 உண்டு. எந்த நிறம் உண்டு, எது இல்லை என்று கேட்பது போலத்தான். இப்படிக் கேட்டால் சராசரியாக 15 கேள்வி போதும். அரைமணி நேர மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் 24 எண்களைத் திருடக்கூடிய ஆள், இந்த வழியில் சுமார் 7000 எண்களைத் திருடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2010ல் இத்தாலியைச் சேர்ந்த ஃபொகார்டி, லூச்சோ என்ற இருவர், இந்தத் தாக்குதல் மாஸ்டர்மைண்ட் ஆட்டத்தின் நீட்சிதான் என்று காட்டி ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

கவனியுங்கள், அந்தப் பெட்டி ரகசியத்தை உளறவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையாக ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னது. அதுவே போதுமாக இருந்தது. அதனால்தான் அட்டவணையில் கை வைக்க விடக் கூடாது என்றார்கள். ஏ.டி.எம்.மில் தொடர்ந்து மூன்று முறை தப்பாக அடித்தால் அட்டை முடங்கிப்போவதும் இதே காரணத்தால்தான். தப்பான யூகத்துக்குக் கூலி உண்டு என்பது வங்கிக்குத் தெரியும். கூலி வாங்க அதிக வாய்ப்புக் கொடுக்காமல் இருப்பதுதான் அதன் வேலை.

2021 அக்டோபரில் ஜாஷ் வார்டில் வெளியிட்ட வேர்டில் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. காளைக்குப் பச்சை, பசுவுக்கு மஞ்சள். ஆனால் அது எந்த எழுத்து சரி என்று இடத்தோடு காட்டிவிடும். மாஸ்டர்மைண்ட் எண்ணிக்கையை மட்டும் சொல்லும், எது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வேர்டிலில் பதில் சொல்வது இயந்திரம். பலகையில் பதில் சொல்வது மனுஷன்.

அந்த மனுஷனைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் ஒருவழியாக என் மகள் குச்சிகளை வைத்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, நீலம். நான் ஒளித்திருந்தது சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டே ஒரு கறுப்பும் இரண்டு வெள்ளையும் வைத்தேன். மேலே சொன்ன உதாரணப்படி அது தப்பு, ஒரு வெள்ளைதான் வைத்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு வரிசையாகப் போனாள். நன்றாகத்தான் யோசித்தாள். ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. எட்டாவது வரிசையில் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கு இது வராதுப்பா, நான் மக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

பலகையை எடுத்து வைக்கும்போதுதான் முதல் வரிசையைப் பார்த்தேன். நான் கொடுத்த பதிலை வைத்து யோசித்தால், சிவப்பு நிச்சயமாக இரண்டு இருக்க வேண்டும். வேறு முடிவுக்கு வரவே முடியாது. அவள் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு சிவப்பு வைத்திருந்தாள். அவள் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை. நான் சொன்ன பதில்தான் பிசகு.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் "மக்கு" என்ற வார்த்தை அவள் மனசில் தங்கிவிடும். உள்ளே போய்க் கூப்பிட்டு வந்து, மூடியைத் திறந்து காட்டி, "தப்பு உன்னுதில்ல, என்னுது" என்றேன். வரிசை வரிசையாகப் பார்த்துச் சரிபார்த்தாள். அப்பா சொன்னால் சரி என்று விடவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இப்போதெல்லாம் முதல் வரிசையை யோசிக்காமல் வைக்கிறாள். இரண்டு, இரண்டு, க்னூத் மாதிரி. ஆனால் தான் ஒளிக்கும் முறை வரும்போது மட்டும் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறாள். அவசரப்படுத்தினால் "இருப்பா, ரெண்டு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறாள்.

அடுத்த முறை ஊருக்கு ரயிலில் போகும்போது பலகையெல்லாம் தூக்க வேண்டாம். பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொண்டு காளையும் பசுவும் ஆடிப் பாருங்கள், பாதி வழி தெரியாமல் போய்விடும். உங்கள் பிள்ளை என்ன எண் வேண்டுமானாலும் கேட்கட்டும். பதில் சொல்லும்போது மட்டும் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.